தூரத்தின் வட்டி

1

உலகம் சுருங்கிவிட்டது என்று ஒரு முறையாவது எழுதாத கட்டுரையாளர் நம்மிடையே இல்லை. பயணக் கட்டுரை எழுதுபவர்கள் முதல் பத்தியிலேயே எழுதிவிடுகிறார்கள். நவீனத்துவம் பற்றி எழுதுபவர்கள் சற்றுப் பொறுத்து மூன்றாம் பக்கத்தில் எழுதுகிறார்கள். ரயில் வந்தது, தந்தி வந்தது, விமானம் வந்தது, தூரம் அழிந்தது, ஆகவே மனிதனின் பிரக்ஞை மாறிற்று என்பது சூத்திரம். பிரக்ஞை மாறிற்று என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. தூரம் அழிந்தது என்ற நடுப்பகுதிதான் இடிக்கிறது.

ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. படித்ததைவிட வங்கியில் பேரேடு பார்த்ததில் நான் கற்றுக்கொண்டது அதிகமோ என்று சில சமயம் தோன்றும். பேரேட்டில் எந்தத் தொகையும் அழிவதில்லை. ஒரு கணக்கில் பற்று எழுதினால் எங்கோ ஒரு கணக்கில் வரவு எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் சாயங்காலம் வீட்டுக்குப் போக முடியாது. 1919ல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஆகாய மார்க்கமாகப் போக இருபத்தெட்டு நாட்கள் ஆயிற்று. 2018 மார்ச்சில் பெர்த் நகரத்தில் கிளம்பிய விமானம் 14,498 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் கடந்து பதினேழு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பொழுதில் லண்டன் சேர்ந்தது. மிச்சமான இருபத்தேழு நாட்கள் யாருடைய கணக்கில் வரவாயிற்று, யாருடைய கணக்கில் பற்றாயிற்று? வரலாற்று நூல்கள் வரவை மட்டும் சொல்கின்றன. நான் மற்றப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க விரும்புகிறேன்.

2

முதலில் ஒரு சின்ன விஷயம். இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள தூரம் ஊர்களின் குணம்போலவும், பயண நேரம் யந்திரத்தின் குணம்போலவும் நாம் பேசுகிறோம். முன்னது மாறாது, பின்னது குறைந்துகொண்டே போகும் என்பது எண்ணம். உண்மையில் இரண்டுமே ஏற்பாடுகள். பூமி உருண்டை என்பதால் இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் ஒரு வில். தட்டையான தேசப்படத்தில் அது நேர்கோடாகத் தெரிவதில்லை, வளைந்து தெரிகிறது. ஆனால் அந்த வில்லின் மேலேயே பறந்துவிடலாம் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. கீழே யாருடைய தேசம், எங்கே எண்ணெய் கிடைக்கும், எங்கே இறங்கவிடுவார்கள் என்ற கேள்விகள்தான் வழியைத் தீர்மானிக்கின்றன.

1919 நவம்பர் 12ஆம் தேதி ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற சகோதரர்கள் பென்னெட், ஷையர்ஸ் என்ற இரண்டு மெக்கானிக்குகளோடு லண்டனை அடுத்த ஹௌன்ஸ்லோவில் கிளம்பினார்கள். விக்கர்ஸ் விமி என்ற விமானம், யுத்தத்தில் குண்டு போடுவதற்காக வடிவமைக்கப்பட்ட ஜாதி. முப்பது நாட்களுக்குள் வந்து சேரும் ஆஸ்திரேலியர்களுக்குப் பத்தாயிரம் பவுன் தருவதாக ஆஸ்திரேலிய அரசாங்கம் அறிவித்திருந்தது. டிசம்பர் 10ஆம் தேதி டார்வினில் இறங்கினார்கள். இருபத்தெட்டு நாட்களில் அவர்கள் ஆகாயத்தில் இருந்தது சுமார் 136 மணி நேரம், அதாவது ஆறு நாட்களுக்கும் குறைவு. மற்ற நாட்களெல்லாம் தரையில் கழிந்தவை. பழுது பார்ப்பது, எண்ணெய் ஊற்றுவது, மழை விடக் காத்திருப்பது, சேற்றிலிருந்து இழுப்பது.

சுரபாயாவில் விமானம் சேற்றில் புதைந்துவிட்டது. அந்த மண்ணில் ஓடி மேலே எழும்ப முடியாது. உள்ளூர் மக்களின் மூங்கில் பாய்களைச் சேகரித்து, ஒன்றோடொன்று இணைத்துப் பாதையாகப் பரப்பி, அதன்மேல் ஓட்டித்தான் கிளப்பினார்கள். ஸ்மித் சகோதரர்களுக்கு சர் பட்டம் கிடைத்தது. பாய் கொடுத்தவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் கிடையாது. இதை நான் புகாராகச் சொல்லவில்லை. நேரம் குறைந்ததென்றால் எதன்மேல் ஓடிக் குறைந்தது என்பதற்கு இவ்வளவு ஸ்தூலமான சாட்சி எளிதில் கிடைக்காது என்பதால் சொல்கிறேன்.

1934 அக்டோபரில் இங்கிலாந்தின் மில்டன்ஹாலிலிருந்து மெல்போர்னுக்கு நடந்த விமானப் பந்தயத்தில் ஸ்காட், காம்ப்பெல் பிளாக் என்ற இருவர் எழுபத்தொரு மணி நேரத்தில் ஜெயித்தார்கள். ஆனால் அந்தப் பந்தயத்தில் என் மனசில் நிற்பது இரண்டாவதாக வந்த டச்சு விமானம். யூவர் என்று அதற்குப் பெயர். பயணிகளோடு வந்த அது மெல்போர்னை நெருங்கும்போது இரவில் புயலில் வழி தவறிற்று. ஆல்பரி என்ற சிற்றூரில் ஊர் விளக்குகளையே அணைத்து அணைத்து ஏற்றி மோர்ஸ் சங்கேதத்தில் ஊரின் பெயரைச் சொன்னார்கள். கார் வைத்திருந்தவர்கள் குதிரைப் பந்தய மைதானத்துக்கு வந்து விளக்குப் போட்டார்கள். விமானம் இறங்கிற்று. காலையில் ஊர்க்காரர்கள் கயிறு கட்டிச் சேற்றிலிருந்து இழுத்து விட்டார்கள். மறுபடி பாயும் கயிறும்தான்.

1935ல் லண்டனிலிருந்து பிரிஸ்பேனுக்குப் பயணிகள் சேவை ஒழுங்காக நடக்கத் தொடங்கியபோது பன்னிரண்டரை நாட்கள் ஆயின. நடுவே ஐரோப்பாவில் ரயில் பிரயாணமும் உண்டு. பாரிஸிலிருந்து இத்தாலியின் பிரிண்டிஸி வரை பயணி ரயிலில் போக வேண்டும். இதே வழியில் லண்டன் தபால் கராச்சி வரை வந்துகொண்டிருந்ததால்தான் 1932 அக்டோபர் 15ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா அதை எடுத்துக்கொண்டு கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் பறந்தார். அங்கிருந்து நெவில் வின்ட்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். நம் பக்கத்துக்கு ஆகாயத் தபால் என்ற ஒன்று வந்தது ஏகாதிபத்தியத்தின் பெரிய வழியில் ஒட்டுப்போட்ட கிளையாகத்தான்.

3

தூரத்துக்கு வட்டி உண்டு என்பது உவமை இல்லை. அது பழைய வியாபார நடைமுறை.

வெளிநாட்டு உண்டியல்களுக்குத் தவணை உண்டு. எழுதிய தேதியிலிருந்தோ பார்த்த தேதியிலிருந்தோ இத்தனை மாதம் கழித்துப் பணம். இந்தத் தவணையை யாரும் ஆகாயத்திலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. கப்பல் போய்ச் சேரும் காலத்தைப் பார்த்துத்தான் அது ஏற்பட்டது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பாய்மரக் கப்பல்கள் போய் வந்த காலத்தில் கிழக்கிந்திய வியாபாரத்தில் பத்து மாதத் தவணை உண்டியல்கள் சகஜம். 1847ஆம் வருஷத்து நெருக்கடியில் பெரிய கம்பெனிகள் விழுந்த பிறகு அதை ஆறு மாதமாகக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. தவணைக் காலத்துக்குக் கழிவு உண்டு. அந்தக் கழிவுதான் லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் நடுவே இருந்த கடலின் விலை.

இந்த விலையை வைத்து நடந்த மோசடியைப் பற்றி எங்கெல்ஸ் எழுதியிருக்கிறார். ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் இருபத்தைந்தாம் அத்தியாயத்தில் வருகிறது. சரக்கு முனையைச் சுற்றி மெதுவாக வந்துகொண்டிருக்கும். அதற்கான காகிதங்கள் எகிப்து வழித் தபாலில் முன்னாலேயே லண்டன் போய்விடும். காகிதத்தைக் காட்டிப் பணம் வாங்கி, அந்தப் பணத்தில் வேறு சரக்கு வாங்கி, அதன் காகிதத்தைக் காட்டி மறுபடி பணம். விற்க வேண்டும் என்பதற்காகச் சரக்கு வாங்குவது போய், உண்டியல் எழுத வேண்டும் என்பதற்காகச் சரக்கு வாங்கப்பட்டது. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்து நீராவிக் கப்பல்களும் தந்தியும் வந்ததும் இந்த மோசடிக்கு அஸ்திவாரமாக இருந்த நீண்ட பிரயாணம் போயிற்று என்கிறார் எங்கெல்ஸ்.

எங்கெல்ஸ் சொல்வதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு ஒன்று. சரக்கும் காகிதமும் ஒரே வேகத்தில் பிரயாணம் செய்த வரையில் தூரம் ஒன்றாக இருந்தது. காகிதம் முந்திக்கொண்ட அன்று தூரம் இரண்டாகப் பிளந்தது. காகிதத்துக்கு ஒரு தூரம், மூட்டைக்கு ஒரு தூரம். அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஒருவன் பணக்காரனாகவோ திவாலாகவோ ஆக முடியும். உலகம் சுருங்கிற்று என்பவர்கள் எப்போதும் காகிதத்தின் தூரத்தைத்தான் சொல்கிறார்கள். மூட்டை சுமப்பவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது எங்கள் கிளையில் வெளியூர்க் காசோலை பிரயாணம் செய்வதில்லை. அதன் பிம்பம்தான் போகிறது, காகிதம் இங்கேயே பெட்டியில் கிடக்கிறது. இது புதுமை என்று புதிதாகச் சேர்ந்த பையன்கள் நினைக்கிறார்கள். 1941லேயே பிரிட்டிஷ் தபால் இலாகா இதைச் செய்தது. யுத்தத்தில் இருந்தவர்களின் கடிதங்களைச் சிறு பிலிமில் படம் எடுத்து, பிலிமை மட்டும் விமானத்தில் அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் பெரிதாக்கி அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஏர்கிராஃப் என்று பெயர். ஐம்பது பவுண்டு எடைக் கடிதங்கள் சில அவுன்ஸ்களில் அடங்கின. மனைவியின் கையெழுத்து வந்தது, அவள் தொட்ட காகிதம் வரவில்லை.

4

இப்படிக் கடிதங்களை மெலிய வைத்து ஏற்றிச் சென்ற விமானங்களில்தான் பயண நேரத்தின் வரலாற்றிலேயே மிக விசித்திரமானவையும் இருந்தன.

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ஜாவா போயிற்று. லண்டனையும் ஆஸ்திரேலியாவையும் சேர்த்த ஆகாய வழி நடுவில் அறுந்தது. படத்தில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கோடு. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கோடியில் பெர்த், இலங்கையின் தென்கோடியில் காலிக்கு அருகே கொக்கல. நடுவே இந்து சமுத்திரம். இறங்க ஓர் இடம் கிடையாது. 1943 ஜூன் கடைசியில் குவாண்டாஸ் கம்பெனி இந்தக் கோட்டில் பறக்க ஆரம்பித்தது. காட்டலினா என்ற ஐந்து கடல் விமானங்கள். வானொலி மௌனம் காக்க வேண்டியிருந்ததால் நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்களே வைத்தார்கள்: ஆல்டேர், வேகா, ரைகல், அன்டாரிஸ், ஸ்பைகா.

இந்தத் தூரம் 3,513 மைல் என்று சொல்லப்படுகிறது. சில இடங்களில் அதே எண் 3,513 கடல்மைல் என்று அச்சாகியிருக்கிறது. குமாஸ்தா புத்தி சும்மா இருக்கவில்லை. இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துப் பெருவட்டக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர் வந்தது. சாதாரண மைல் கணக்குக்கு அது பொருந்துகிறது. கடல்மைல் என்று கொண்டால் 6,500 கிலோமீட்டர் ஆகிவிடும். வித்தியாசம் 850 கிலோமீட்டர். காகிதத்தில் ஒரு சொல் கூடுதல். காட்டலினாவில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது இன்னும் நாலு மணி நேரம், அந்த நாலு மணி நேரத்துக்கு எண்ணெய் இருக்குமா என்பது வேறு கேள்வி.

பிரயாணம் இருபத்தேழு மணி முதல் முப்பத்து மூன்று மணி வரை பிடித்தது. சராசரியாக மணிக்கு இருநூறு கிலோமீட்டரும் தேறாத வேகம். 32 மணி 9 நிமிஷம் எடுத்துக்கொண்ட ஒரு பயணம் இடையில் இறங்காத பயணிகள் சேவையில் ஆகாயத்தில் கழிந்த மிக நீண்ட பொழுதாகக் கணக்கில் இருக்கிறது. இவ்வளவு நேரம் பறக்க வேண்டுமானால் விமானம் அனேகமாக எண்ணெயாகவே இருக்க வேண்டும். எடை குறைப்பதற்காகக் குளிர் தடுக்கும் உள்ளுறைகளைக்கூட எடுத்துவிட்டார்கள். பயணிகள் சாதாரணமாக மூன்று பேர், தபால் அறுபத்தொன்பது கிலோ. கிளம்பிய முதல் பல மணி நேரத்துக்கு, இரண்டு யந்திரங்களில் ஒன்று நின்றால் மற்றொன்றால் அந்தச் சுமையைத் தாங்க முடியாது. ஜப்பானிய விமானங்கள் வரக்கூடிய பகுதியை இருட்டில் தாண்டும்படி கிளம்பும் நேரத்தை வைத்துக்கொண்டார்கள்.

இதனால் பயணிகள் வழியிலேயே இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்த்தார்கள். சேவைக்கே இரட்டைச் சூரியோதயம் என்று பெயர் வந்தது. பயணம் செய்தவர்களுக்கு ‘இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்கம்’ என்று போட்ட சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள்.

ஆகாயத்தில் இருப்பவனுக்கு நாள் என்பது இருபத்துநாலு மணி நேரம் இல்லை. பெர்த்துக்கும் கொக்கலவுக்கும் தீர்க்கரேகையில் முப்பத்தைந்தரை பாகை வித்தியாசம். ஒரு பாகைக்கு நாலு நிமிஷம். பெர்த்தில் ஒரு சூரியோதயத்தைப் பார்த்துவிட்டு மேற்கே போய்க் கொக்கலவில் அடுத்ததைப் பார்ப்பவனுக்கு இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ இருபத்தாறு மணி இருபத்திரண்டு நிமிஷம் ஆகும். திரும்பி வரும்போது இருபத்தொன்றரை மணி நேரத்திலேயே சூரியன் வந்துவிடும். பருவத்துக்கு ஏற்பக் கொஞ்சம் கூடும், குறையும். ஜூல்ஸ் வெர்ன் நாவலில் கிழக்கே போய்க்கொண்டே இருந்த ஃபாக் தனக்குத் தெரியாமல் ஒரு நாளைச் சம்பாதித்துக்கொண்டது இந்தக் கணக்கில்தான். ஆனால் வெர்னின் நாவலில் அது கதாநாயகனைக் காப்பாற்றும் தந்திரம். காட்டலினாவில் அது அனுபவம். குளிரில், யந்திர இரைச்சலில், பேச முடியாமல் உட்கார்ந்து, ஏற்கனவே விடிந்த நாளுக்குப் பிறகு இன்னொன்று விடிவதைப் பார்ப்பது.

இந்த அனுபவத்தை நவீனத்துவத்தின் குறியீடாக்கிவிட எனக்கும் ஆசை உண்டு. கட்டுப்படுத்திக்கொள்கிறேன். மூன்று பயணிகளும் யுத்த காரியமாகப் போனவர்கள். அவர்கள் தங்கள் பிரக்ஞையைப் பரிசோதிக்க ஏறவில்லை.

இன்னொரு கணக்கு. 1945 ஜூலை வரை காட்டலினாக்கள் 271 முறை சமுத்திரத்தைக் கடந்தன. ஒரு விமானம்கூட இந்தச் சேவையில் தொலையவில்லை. தலைக்கு மூன்று பேர் என்று வைத்தால் இரண்டு வருஷத்தில் எண்ணூறு சொச்சம் பேர். இன்றைய இரண்டு மூன்று பெரிய விமானங்களில் அடங்கிவிடும் கூட்டம். யுத்தம் முடிந்ததும் ஐந்து நட்சத்திரங்களும் கடலில் மூழ்கடிக்கப்பட்டன, பெரும்பாலானவை பெர்த்துக்கு எதிரே ராட்னெஸ்ட் தீவுக்கு அப்பால். அமெரிக்காவின் கடன்-குத்தகைத் திட்டத்தில் வந்த பொருளை யுத்தத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஒப்பந்தம். கணக்கை முடிக்கும் விதங்களில் அதுவும் ஒன்று.

5

விமான வரலாற்று நூல்கள் இங்கே முடிந்து அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். 1947 டிசம்பர் முதல் தேதி சிட்னியில் கிளம்பிய கான்ஸ்டலேஷன், டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி வழியாக நாலு நாளில் லண்டன் சேர்ந்தது. இருபத்தொன்பது பயணிகள். கங்காரு வழி என்று விளம்பரம். பிறகு ஜெட், பிறகு 1989ல் லண்டனிலிருந்து சிட்னிக்கு இருபது மணி ஒன்பது நிமிஷத்தில் நிற்காமல் வந்த காலி ஜம்போ, பிறகு 2018. எல்லாம் நேராக ஏறும் படிக்கட்டு.

நான் கொக்கலவில் நின்றுவிடுகிறேன். அங்கே விமானம் இறங்கிய ஏரிக்கரையில் ஒரு கிராமம் இருந்தது. யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப் படை அந்த இடத்தைத் தளமாக எடுத்துக்கொண்டது. 1942 ஏப்ரல் 4ஆம் தேதி இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு சொன்ன பெர்ச்சல் என்ற கனடா விமானி இங்கிருந்துதான் கிளம்பினார். மறுநாள் கொழும்பில் குண்டு விழுந்தபோது ஊர் எச்சரிக்கையாக இருந்ததற்கு அதுவே காரணம். அவருக்கு இலங்கையின் ரட்சகர் என்று பெயர் வந்தது. அதே தளத்துக்காகக் கிராமத்து ஜனங்கள் வெளியேற்றப்பட்டார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன. தப்பிய வீடு ஒன்று. அது மார்ட்டின் விக்கிரமசிங்க 1890ல் பிறந்த வீடு. இப்போது அங்கே அவர் பெயரில் கிராமியக் கலைப் பொருள்களின் காட்சிசாலை இருக்கிறது.

விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’ வெளிவந்தது 1944ல். கிராமத்தின் புரட்டல் என்று தலைப்பை அர்த்தப்படுத்தலாம். சிங்கள நாவலில் யதார்த்தம் என்பது அதிலிருந்துதான் உறுதிப்பட்டது என்று சொல்வார்கள். பின்னால் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதைப் படமாக எடுத்தார், 1965ல் டில்லி திரைப்பட விழாவில் தங்க மயில் வாங்கிற்று. நாவல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கதை. பழைய குடும்பம் ஒன்று நிலமும் அந்தஸ்துமாக இருந்து மெல்ல உதிர்கிறது. அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட பையன் கொழும்புக்குப் போய்ப் பணத்தோடு திரும்புகிறான். அதில் விமானம் கிடையாது. புரட்டல் என்பது நாவலில் ஒரு தலைமுறைக்கு மேல் எடுத்துக்கொள்ளும் காரியம், வீட்டுச் சுவரில் காரை உதிர்வதைப்போல.

தேதிகளை அருகருகே வைத்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான். 1944ல் ஒருவர் தன் கிராமம் முப்பது நாற்பது வருஷத்தில் எப்படி மெல்லப் புரண்டது என்று எழுதி வெளியிடுகிறார். அதே 1944ல் அந்தக் கிராமம் இருந்த இடத்தில், முப்பது மணி நேரம் முன்னால் ஆஸ்திரேலியாவில் கிளம்பிய மூன்று பேர் கை கால் விறைத்து இறங்குகிறார்கள். அவர்களுக்கு அது லண்டன் போகும் வழியில் ஒரு நிறுத்தம். ஊரின் பெயரே பலருக்கு ஞாபகம் இருந்திருக்காது. பெர்த்தும் லண்டனும் நெருங்குவதற்குக் கொக்கல காலியாக வேண்டியிருந்தது. இதுதான் நான் தேடிய பற்று.

இந்த இடத்தில் ஒரு எதிர்வாதத்தைச் சந்திக்க வேண்டும். யுத்தம் நடந்தது, ஜப்பான் ஜெயித்திருந்தால் கொக்கல மட்டுமா போயிருக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெளியேற்றியது தவறு என்று தீர்ப்புச் சொல்ல இந்தக் கட்டுரை வரவில்லை. நிகழ்ந்தது அவசியமே ஆனாலும் அது ஒரு செலவு, செலவைச் செலவு என்று எழுத வேண்டும் என்பதே என் கட்சி. பயண நேரத்தின் வரலாற்றில் ஸ்வான் நதியும், நட்சத்திரப் பெயர்களும், சான்றிதழும் வருகின்றன. விக்கிரமசிங்க வருவதில்லை. சிங்கள நாவலின் வரலாற்றில் காட்டலினா வருவதில்லை. இரண்டு வரலாறுகளும் ஒரே ஏரிக்கரையில் நடந்தவை. 1991ல் அதே கொக்கலவில் ஏற்றுமதி வலயம் ஏற்பட்டது. அதைச் சேர்த்தால் கணக்கு இன்னும் நீளும்.

6

நேரம் குறைந்துகொண்டே போகும் என்ற நம்பிக்கையையும் சற்றுச் சோதிக்கலாம். லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு கான்கார்ட் விமானம் 1977 முதல் மூன்றரை மணி நேரத்தில் போய்வந்தது. 2003ல் அது நின்றது. பயணி மறுபடி ஏழெட்டு மணி நேரத்துக்குத் திரும்பினான். 2022 பிப்ரவரியில் உக்ரைன் யுத்தம் தொடங்கி ருஷ்யாவின் ஆகாயம் ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டதும், ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி-டோக்கியோ பயணம் பதின்மூன்று மணி ஆயிற்று. 2024 ஏப்ரலில் மத்தியக் கிழக்கில் பதற்றம் ஏற்பட்டபோது, நிற்காமல் பறந்த அந்தப் பெர்த்-லண்டன் விமானமே சில காலம் சிங்கப்பூரில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு போயிற்று. சுருங்கியது விரிகிறது. ஊர்கள் நகரவில்லை, யந்திரம் கெடவில்லை. நடுவே இருப்பவர்களின் சம்மதம்தான் மாறிற்று. அந்தச் சம்மதம் இருக்கும்போது நமக்குத் தெரிவதில்லை, கீழே விரித்த பாய் தெரியாததைப்போல.

இதில் நம் சிறு வட்டத்துக்குச் சம்பந்தப்பட்ட ஒன்று இருக்கிறது. தமிழில் நவீனத்துவம் முப்பது வருஷம் தாமதமாக வந்தது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். சொல்லும் குரலில் ஒரு வெட்கம் இருக்கும். அங்கே 1922ல் நடந்தது இங்கே எப்போது நடந்தது என்று வருஷங்களைக் கழித்துப் பார்ப்பது விமர்சனத்தில் ஒரு பழக்கமாகிவிட்டது. இது ரயில்வே அட்டவணை விமர்சனம். லண்டனை ஆரம்ப நிலையமாக வைத்துக்கொண்டு, மற்றவர்களெல்லாம் எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தார்கள் என்று குறிப்பது. அட்டவணையில் கொக்கல ஒரு நிறுத்தம். விக்கிரமசிங்கவுக்கு அது ஆரம்ப நிலையம். ‘கம்பெரலிய’ ஐரோப்பிய யதார்த்தவாதத்துக்கு எத்தனை வருஷம் பிந்தியது என்று கேட்பவனுக்கு அந்த நாவலில் எதுவும் கிடைக்காது. அந்தக் கிராமம் புரண்ட வேகம் என்ன, வாக்கியங்கள் அந்த வேகத்தில் நடக்கின்றனவா என்று கேட்பவனுக்குக் கிடைக்கும்.

இதற்காக மெதுவானதெல்லாம் ஆழமானது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கப்பல் தபாலில் புத்தகம் வந்த காலத்தைப் பற்றி ஏங்குகிறவர்கள் உண்டு. அந்த ஏக்கம் எனக்கு இல்லை. மகனிடமிருந்து கடிதம் வருமா என்று காத்திருந்தவர்கள் காத்திருத்தலின் அழகை ரசித்திருக்கமாட்டார்கள். பிலிமில் சுருங்கி வந்த கடிதமானாலும் வந்தால் போதும் என்றுதான் இருந்திருப்பார்கள். வேகம் தேவைப்பட்டவர்களுக்கு வேகம் வந்தது நல்லதே. ஆனால் புத்தகம் ஒரு நொடியில் வந்து சேர்ந்தாலும் அதைப் படித்து முடிக்க முன்னூறு பக்கத்துக்கு உண்டான நேரம் ஆகிறது, அது நமக்குள் ஏதாவது செய்ய இன்னும் பல வருஷம் ஆகிறது. காகிதத்தின் தூரம் வேறு, மூட்டையின் தூரம் வேறு. விமர்சகர்களில் பலர் காகிதம் வந்ததுமே உண்டியல் எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். சரக்கு இன்னும் முனையைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நீண்ட தூரம் பறந்தவனின் உடம்பு புது ஊரின் நேரத்துக்குச் சரியாக, ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்று கணக்குச் சொல்கிறார்கள். பெர்த்துக்கும் லண்டனுக்கும் கடிகாரத்தில் ஏழு அல்லது எட்டு மணி வித்தியாசம். பதினேழு மணி நேரத்தில் போய் இறங்கியவன் உண்மையில் வந்து சேர இன்னும் ஒரு வாரம் ஆகும். டிக்கெட்டில் அந்த வாரம் அச்சாவதில்லை. மிச்சம் பிடித்த இருபத்தேழு நாட்களில் ஏழு நாள் அப்படிப் பயணியின் பெயரிலேயே பற்றாகிறது. மீதி இருபது நாள் எந்தெந்த ஊர்களின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்று தேடினால் கொக்கலவைப்போல இன்னும் சில பெயர்கள் அகப்படும் என்று நினைக்கிறேன்.